கோபத்தில் கட்டிய கப்பல்கள்

பாட்டிலுக்குள் கப்பல் கட்டப் பொறுமை வேண்டும் என்று என்னிடம் சொன்னவர் என் சம்பந்தி. சொன்ன விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. என் மகளுக்கும் அவர் மகனுக்கும் அன்று காலையில்தான் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பாய் விரித்த ஒரு கப்பல். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர். அங்கே ஒரு துறைமுக ஊரில் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். இத்தனை பெரிய கப்பல் இத்தனூண்டு கழுத்து வழியாக எப்படி உள்ளே போனது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து தோளில் கை போட்டார்.

“பாத்துக்கலாம் சம்மந்தி, பண்ண முடியாது. இதெல்லாம் பொறுமசாலிங்க வேல. நமக்கெல்லாம் வராது.”

நமக்கெல்லாம் என்றது மரியாதைக்கு. என் கோபத்தைப் பற்றி யாரோ அவர் காதில் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அந்த யாரோ என் மச்சானாக, மனைவியின் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். பெண்ணைக் கொடுத்தவன் அந்த இடத்தில் என்ன சொல்ல முடியும்? நானும் சிரித்தேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் வீடுகளில், மாப்பிள்ளை லீவில் வரும்போது முதலில் பதிவை முடித்துவிடுவார்கள். தாலி, மண்டபம், மேளம் எல்லாம் அடுத்த லீவில். பதிவு ஆனால்தான் பப்பியே நகரும். காகிதங்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பப்பியே நகர்ந்தால்தான் பெண் விமானம் ஏற முடியும். அதுவரைக்கும் அவள் சட்டப்படி ஒருவனுக்கு மனைவி, சொந்தக்காரர்கள் கண்ணில் இன்னும் கல்யாணமாகாத பெண். புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கடல். முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கையெழுத்துப் போடவைத்துவிட்டு, பிறகு பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற அவசரம் எங்கள் ஊருக்கே உரியது. அந்தப் பையன் பெண் பார்க்க வந்தபோதும் சரி, பதிவு அன்றும் சரி, கூடம் நிறைய உறவுக்காரர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

கப்பலுக்கு வருகிறேன். மறுநாளே காயலான் கடைக்குப் போனேன். புதுச்சேரியில் பாட்டிலுக்கா பஞ்சம்? எழுத்து புடைக்காத, நிறம் ஏறாத, கழுத்து குட்டையான பாட்டில்களாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கிறவன் அல்ல. ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அந்தச் சாக்கு கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. மனைவி வாசலிலேயே மறித்தாள்.

“பொண்ணுக்கு நேத்துதான் பதிவு முடிஞ்சிருக்கு. இன்னிக்கு சாராயக்கட பாட்டில மூட்டயா கட்டிக்கினு வர்றீங்களே, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“குடிச்சிட்டு வர்றேன்னு நெனக்கட்டும். கப்பல் கட்டப் போறேன்னு சொன்னா இன்னும் சிரிப்பாங்க.”

அவள் வழிவிடவில்லை. பாட்டில்கள் தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் பட்டறைக்குப் போயின. பைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி செய்வோம், கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்வோம், குப்பங்களிலிருந்து அடிபட்டு வரும் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவோம். நிஜப் படகையே சரிசெய்கிறவனுக்குப் பாட்டிலில் ஒரு பொம்மைக் கப்பல் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

வேலையின் சூட்சுமம் எளிமையானது. கப்பலை வெளியிலேயே முழுதாகக் கட்டிவிட வேண்டும். பாய்மரங்களின் அடியில் கீல் வைத்து அவற்றைப் பின்பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு நூல் புறப்பட்டுக் கப்பலின் மூக்கு வழியாக வெளியே வரும். மடங்கிய கப்பலைக் கழுத்து வழியாக உள்ளே தள்ளி, அடியில் முன்பே போட்டு வைத்த கடலில் உட்கார வைத்து, வெளியில் தொங்கும் நூலை இழுத்தால் மரங்கள் எழுந்து நின்று பாய் விரியும். பிறகு பசை வைத்து நூலை வெட்ட வேண்டியதுதான். இதைச் சம்பந்தியிடம் நான் கேட்கவில்லை. கேட்பேனா? போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் கப்பலைக் கழுத்தின் அகலத்துக்குச் சரியாக அளவெடுத்துச் செதுக்கினேன். பெயின்ட் அடித்தால் அளவு கூடும் என்பது புத்தியில் ஏறவில்லை. மடங்கிய பாயும் நூலும் அதற்கு மேல் கனம் சேர்க்கும் என்பதும் ஏறவில்லை. பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. தள்ளினால் போகாது, இழுத்தால் வராது. மதியச் சாப்பாட்டையும் மறந்து குடைக்கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரே குத்து. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா என்னைத் திட்டாத நாளில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் என் ஆத்திரம் மாறவில்லை. உடைந்த பாட்டிலைக் கூட்டி அள்ளும்போது கையிலும் கீறிக்கொண்டேன்.

இரண்டாவது கப்பலை ஒல்லியாகச் செதுக்கினேன். அது உள்ளே போகும். இப்போது கடல் வேண்டும். உலகத்தில் எல்லோரும் சுவர் வெடிப்பை அடைக்கிற லப்பத்தில் நீலம் கலந்துதான் கடல் செய்கிறார்கள். நான் பைபர்காரன், லப்பத்தைத் தொடுவேனா? பட்டறையில் பீப்பாய் பீப்பாயாக ரெசின் இருக்கிறது. அதில் நீலச் சாயம் கலந்து ஊற்றினால் அடி தெரியும் கடல் வரும், சம்பந்தியின் அலமாரியில் இல்லாத கடல். அப்போது ஐப்பசி மழை. ஈரக் காலத்தில் ரெசின் சீக்கிரம் இறுகாது என்பதால் ஹார்ட்னரைக் கொஞ்சம் தாராளமாக விடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. கைப்பழக்கத்தில் அப்படியே விட்டேன். தொட்டிச் சுவரில் ரெசினை மெல்லிசாகத் தடவுகிறோம். அது இறுகும்போது வரும் சூடு காற்றில் போய்விடுகிறது. பாட்டிலின் அடியில் குட்டைபோலத் தேங்கி நின்றால் சூடு எங்கே போகும்? கப்பலை உட்கார வைத்து மரங்களை எழுப்பிவிட்டு, பெருமையாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். கழுத்து வழியாகப் புகை வந்தது. தொட்டால் கை சுட்டது. டிக் என்று ஒரு சத்தம். கீழிருந்து கழுத்து வரைக்கும் விரிசல் ஓடிவிட்டது.

முழுக்க முழுக்க ரெசினோடு புழங்கிய கை என்னுடையது. எதுவும் தெரியாத ஒருவன் லப்பத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். தொழில் தெரிந்த திமிரால் வந்த வினை அது. அந்தப் பாட்டிலைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினேன். ஏனோ அடிக்கவில்லை. விரிசலோடு அப்படியே தூக்கி, மேசைக்கு மேலிருந்த பலகையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு கெட்டதை எல்லாம் அந்தப் பலகையில் வைக்கத் தொடங்கினேன். அடுத்த பாட்டிலில் மரங்கள் நிற்க வேண்டும் என்ற அவசரத்தில், தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும் பசையைப் போட்டு உடனே தக்கையால் மூடினேன். பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பனிமூட்டத்தில் கப்பல். குடைக்கம்பியில் துணி சுற்றி எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. அதுவும் பலகைக்குப் போனது. சில நாட்கள் கழித்து அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்குக் கோபத்துக்குப் பதில் ஒரு குஷி வந்தது. தொட்டி வாங்க வருகிறவர்கள், படகுக்கு ஒட்டுப் போட வருகிறவர்கள் எல்லோரையும் நிறுத்திக் காட்டுவேன். “இது ரெசின் சூட்டுல போனது. இது பசையால போனது. இனிமே இந்தத் தப்ப நான் பண்ணமாட்டேன்.” அவர்கள் தொட்டியின் விலையைக் கேட்டால் நான் கப்பலின் கதையைச் சொல்வேன். தப்புதான் நமக்கு வாத்தியார் என்றுகூட ஒரு வசனம் வைத்திருந்தேன். மகள் மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறாள்.

அவள் ஏன் மதியத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்? அதுதான் விஷயம். பி.பார்ம் படித்தவள். புதுச்சேரியிலேயே, மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்து கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். மாத்திரை சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. பதிவு முடிந்த கையோடு சம்பந்தி, “எந்த நேரமும் பப்பியே வந்துடும், திடீர்னு நோட்டீஸ் குடுத்துட்டு நிக்க முடியுமா? வேலய வுட்டுட்டு பிரெஞ்சு கத்துக்கட்டும்” என்றார். மச்சானும் தலையாட்டினார். மகளும் சரி என்றாள். வேலையை விட்டாள். பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள், ஒரு பரீட்சை எழுதினாள், அடுத்ததையும் எழுதினாள். பப்பியே வரவில்லை. பொங்கல் வந்தது, சித்திரை வந்தது, மாப்பிள்ளை வருவதாகச் சொன்ன லீவு வந்தது, அவன் வரவில்லை. வேலை அதிகமாம்.

தெருவில் ஆளுக்கொரு கேள்வி. பால் வாங்கப் போனால், “எப்பம்மா பிளேன் ஏற்ற?” கோயிலுக்குப் போனால், “இன்னும் இங்கதான் இருக்கியா?” ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள், பிறகு பால் வாங்கப் போவதை விட்டாள். சாயங்காலம் வெளியே போவதையும் விட்டாள். என் பட்டறைக்கு வருவது ஒன்றுதான் மிச்சம். பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருக்கிறாள். பப்பியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று என் மனைவி தடுத்துவிட்டாள். இலவு காத்த கிளி என்பார்கள். கிளியாவது தானாகக் காத்திருந்தது. இவளை நாங்கள் எல்லோரும் சேர்ந்து காக்கவைத்தோம்.

இந்த எரிச்சலில் நான் இருக்கும்போதுதான் ஒருநாள் சம்பந்தி பட்டறைக்கே வந்தார். கப்பல் கட்டுகிறேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். பலகையில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரெசின் பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐயா என்பதைக்கூடப் பிரெஞ்சில்தான் சொன்னார்.

“முசே, கடல கொதிக்கவே வச்சிட்டீங்களே!”

மேசையில் பாதியில் இருந்த புதுக் கப்பலையும் பார்த்தார். இதற்கு நான் அடங்கி லப்பத்தில் கடல் போட்டிருந்தேன். மரங்கள் எழுந்து நின்றுவிட்டன, நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, வெட்டக் கத்தரிக்கோலை எடுத்து வைத்திருந்தேன்.

“இப்ப வெட்டாதீங்க. நல்லா காயட்டும். நூலு வெளிய இருக்கற வரைக்கும், எது சரியில்லன்னாலும் மடக்கி வெளிய எடுத்துக்கலாம். வெட்டிட்டா அவ்ளோதான்.”

அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நல்ல யோசனை. முந்தைய பாட்டில் ஒன்றில் பசை காயுமுன் நூலை வெட்டி, நடு மரம் சரிந்து விழுந்ததை நான் யாருக்கும் காட்டாமல் மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். நல்ல யோசனை சொன்னதாலேயே அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

“பப்பியே இன்னா ஆச்சு சம்மந்தி?” என்று கேட்டேன்.

“வரும் வரும். அங்கல்லாம் அப்பிடித்தான், எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். பொறும வேணும்.”

திரும்பவும் பொறுமை. பாட்டிலிலும் பொறுமை, பெண் விஷயத்திலும் பொறுமை. ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். நான் கத்தரிக்கோலைத் தூக்கி மூலையில் எறிந்தேன். ஆனால் நூலை வெட்டவில்லை.

இன்னொரு பொங்கலும் போய், கத்திரி வெயில் தொடங்கியபோது என் கப்பல் ஒன்று ஒரு குறையும் இல்லாமல் நின்றது. மூன்று பாய்மரம், கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோணல் இல்லை. நூலை நாள் கணக்கில் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்து அன்று காலையில்தான் வெட்டியிருந்தேன். மகள் சாப்பாட்டோடு வந்தாள். நான் பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பாத்தியா! எத்தினி தப்பு பண்ணி, எத்தினி கத்துக்கினு கட்டியிருக்கேன்! நேரா எடுத்துக்கினு போயி அந்தாளு வூட்டு மேசயில வைக்கப் போறேன்.”

அவள் பாட்டிலை வாங்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அவங்க வூட்டுக்குப் போவாதப்பா. அவரு அங்க பப்பியேவே குடுக்கல.”

“யாரு சொன்னா?”

“அவரேதான். போன்ல சொன்னாரு. அங்கேர்ந்து அவரு குடுக்க வேண்டியது எதையும் குடுக்கல. அவருக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்லயாம். அவங்க அப்பாவுக்குப் பயந்துக்கினு கையெழுத்துப் போட்டாராம். அப்புறம் எப்பிடி சொல்றதுன்னு தெரியாம இழுத்துக்கினே இருந்தாராம்.”

“எப்ப சொன்னான்?”

“பொங்கலுக்கு.”

“பொங்கலுக்கா! இம்மாம் நாளா எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா இப்ப குதிக்கற மாதிரி குதிப்ப.”

குதித்துக்கொண்டுதான் இருந்தேன். மேசையைத் தள்ளினேன், ஹார்ட்னர் டப்பா உருண்டது, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அந்த வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் மிச்சம் வைக்காமல் உடைத்துவிட்டு வருகிறேன் என்று கத்தினேன். அவள் எழுந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அவர மட்டும் சொல்லாதப்பா. எனக்கும் ஆச இருந்துச்சி. பிரான்ஸ் போவணும்னு ஆச. ஆளப் பாக்கல, ஊரப் பாத்தேன். யாரும் என்ன கட்டாயப்படுத்தல. நான் பண்ண தப்புதான். இப்ப அதுலேர்ந்து வெளிய வரணும். வக்கீலப் பாக்கணும், வேலைக்குப் போவணும். அதுக்குத்தான் உங்கிட்ட சொல்றேன்.”

வெளியே வருவதா! எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். பதிவு ரத்து, கோர்ட், ஊர்ப் பேச்சு. தலையில் அடித்துக்கொண்டேன். “உன் வாழ்க்கயே போச்சேடி!”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள்.

“அதெல்லாம் இன்னா? தொட்டி வாங்க வர்றவங்களுக்கெல்லாம் கூப்ட்டுக் கூப்ட்டுக் காமிக்கிற. இது நான் பண்ண தப்பு, இதுல இதக் கத்துக்கினேன்னு சிரிச்சிக்கினே சொல்ற. நீ அத்தினி பண்ணலாம். நான் ஒன்னே ஒன்னு பண்ணா வாழ்க்க போச்சா?”

“பாட்டிலும் பொண்ணும் ஒன்னாடி?” என்று பாய்ந்தேன்.

“இல்லப்பா. பாட்டிலு ஒடஞ்சா ஒட்டாது. எனக்கு ஒன்னும் ஒடயலயே. அதத்தான் சொல்றேன்.”

சாவியை மேசையில் வைத்துவிட்டு, கூடையிலிருந்து சாப்பாட்டை எடுத்துத் தட்டில் போட்டாள். வத்தக்குழம்பு. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தாள். இதே பெண் நான்கு மாதமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இதே ஸ்டூலில் உட்கார்ந்து, என் பசைக் கதையையும் ரெசின் கதையையும் கேட்டிருக்கிறாள். என் கோபத்துக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்ட இடம் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. செய்தி பரவி, மச்சானும் சம்பந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மச்சான்தான் தொடங்கினார்.

“அவசரப்பட்டு கோர்ட்டு கீர்ட்டுன்னு போவாதீங்க. ஆம்பளப் புள்ளக்கி ஒன்னும் இல்ல. நம்ம பொண்ணுக்குத்தான் ரெண்டாங்கல்யாணம்னு பேரு வரும். தாலி கட்டலன்னாலும் ஊரு ஒத்துக்காது.”

“நான் போயி நேர்ல பேசி அவன இஸ்துக்கினு வர்றேன்” என்றார் சம்பந்தி. “இன்னும் ஒரு வருஷம் பொறுங்க. சின்னப் பசங்க, தப்பு பண்ணிட்டாங்க.”

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“ஆமாய்யா, தப்பு பண்ணிட்டா! எம்பொண்ணுதான் பண்ணா! பண்ணட்டும்! இன்னும் நாலு பண்ணுவா! ஒங்க வூட்டுக்கா வந்து பண்றா?”

“நாலெல்லாம் வேணாம்ப்பா” என்றாள் மகள், சமையலறை வாசலிலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. நான் சம்பந்தியின் பக்கம் திரும்பினேன். “ஒன்னே ஒன்னு கேக்கறேன். பையன் பப்பியே குடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். “தெரியும்” என்றார். “மனசு மாறிடுவான்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்க! எம்பொண்ணு வேலய வுட்டா, நீங்க நெனச்சிக்கினு இருந்தீங்க. தெருவுல தல காட்ட முடியாம வூட்டுக்குள்ள கெடந்தா, நீங்க நெனச்சிக்கினு இருந்தீங்க. எம்பட்டறயில வந்து நின்னுக்கினு பொறும வேணும்னு சொன்னீங்களே, மனசு கூசலயா?”

மச்சான் என் கையைப் பிடித்தார், உதறினேன். மகள் கூடத்துக்கு வந்தாள். சம்பந்திக்கு எதிரில் நின்று, என் சத்தத்தில் பாதிகூட இல்லாமல் பேசினாள்.

“மாமா, அவர இஸ்துக்கினு வரவேணாம். லீவுல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போவச் சொல்லுங்க. அவரயும் திட்டாதீங்க. பயந்துட்டாரு, அவ்ளோதான்.”

சம்பந்தி அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே தலையசைத்தார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மகள் அடுத்த மாதமே பழைய கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு அவள் தெரு வழியாகப் போவதை எல்லோரும் பார்த்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். அவள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

பையன் வந்தான். கோர்ட்டில் இரண்டு தரப்பும் சம்மதம் என்று மனுப் போட்டாயிற்று. ஆறு மாதம் கழித்து அவன் மறுபடி வந்தபோது, கடைசிக் கையெழுத்துக்கான நாளில் எங்களை வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நான், அடுத்த தூணுக்குப் பக்கத்தில் சம்பந்தி. இரண்டு பேரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிரில் இருந்த பெஞ்சில் என் மகளும் அந்தப் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் ஏதோ கேட்டான், அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவன் அதைத் திருத்தினான் போலிருக்கிறது, அவள் மறுத்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். அவன் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவன் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி அவள் கேட்டாள், மாத்திரை சோதிப்பதைப் பற்றி அவன் கேட்டான். சேர்த்துவைத்தபோது பேச விடாத நாங்கள், பிரித்துவைக்கக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில்தான் அவர்களைப் பேச விட்டிருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி மெதுவாக என் தூணுக்கு நகர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஜோடி பாக்க நல்லாத்தான இருக்கு, சம்மந்தி?”

“வாய மூடுய்யா!”

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பியது. வக்கீல்கள் பார்த்தார்கள், ஒரு போலீஸ்காரர் எங்களை நோக்கி இரண்டடி வைத்தார். பெஞ்சில் இருந்த பையன் டீயோடு துள்ளி எழுந்து நின்றான். என் முகத்தையும் அவன் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்; இவ்வளவு நேரம் இருந்த சிரிப்பு துளிகூட இல்லை. என் மகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க உக்காருங்க. நம்ம பேரக் கூப்ட்டா எழுந்துக்கலாம்.”